இரண்டு கந்தையா குடும்பங்களும் உறவா?

கேள்வி: நாங்கள் இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளை. கனடாவில் இன்னொரு குடும்பத்துக்கும் கந்தையாதான் கடைசிப் பெயர், அவர்களும் வன்னி, பூட்டன் (தாத்தாவின் அப்பா) காலத்தில் பிரிந்தோமா என்று அறிய ஆசை. எங்கே தேடலாம்?

பதில்: பெயரை நம்பிப் போகாதீர்கள். அது யாரோ ஒருவரின் அப்பா பெயர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் ஏறியதும் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. பூட்டனுக்கு வேறு பெயர்தானே! காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) பாருங்கள், முதுசமா (பரம்பரையாய் வந்ததா) சீதனமா (கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்ததா) என்று எழுதியிருக்கும், சீதனம் என்றால் பெண்வழியும் பிடிபடும்.

பதில்: அவர்கள் கிளிநொச்சிப் பக்கமென்றால் பெர்மிட் காணியாக, அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்ததாக இருக்கலாம், பரம்பரை உறுதி இராது. குளத்து நீரை நம்பி அரசு அமைத்த விவசாயக் குடியேற்றங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிறைய, 1977 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்தும் வந்தார்கள்.

பதில்: 2009 இறுதிப் போரில் எத்தனையோ வீட்டு உறுதிகள் போய்விட்டன. முள்ளியவளைக்குக் கிட்ட உள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் பெரியவர்களிடம் கேளுங்கள். முதலில் அம்மம்மா சொல்வதைப் போனில் பதிந்து வையுங்கள்.

கேட்டவர்: சரி, இன்றிரவே அவவிடம் கேட்கிறேன்.