3 மாதமாகச் சம்பளம் இல்லை, ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். உதவி தேவை

மன்னை_தம்பி:
அவசரம். 3 மாதமாகச் சம்பளம் வரவில்லை. ஓடி (ஓவர்டைம்) காசு அதற்கும் முன்பிருந்தே பாக்கி. கேட்டால் "நீ ஊருக்குப் போ, அக்கவுண்டில் போட்டுவிடுகிறோம்" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள். போகலாமா?

ஷார்ஜா_பாய்:
எந்த நாடு தம்பி? துபாய் பக்கம் என்றால் மனிதவள அமைச்சகத்தில் புகார் போடு. 50,000 திர்ஹம் வரை அவர்களே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

கடலூரான்:
என்ன பாஸ், அதாவது எந்த வகை வேலை அனுமதி? வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா, இல்லையா?

பழைய_உறுப்பினர்:
நாடு, பாஸ், வேலை முடிந்த தேதி. இது மூன்றும் இல்லாமல் பதிவு போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? படித்துவிட்டுக் கேளுங்கள்.

மன்னை_தம்பி:
மன்னிக்கவும் அண்ணா. சிங்கப்பூர், வொர்க் பெர்மிட், கட்டட வேலை. இன்னும் நிறுத்தவில்லை.

ஜூரோங்_மணி:
தம்பி, விமானம் ஏறாதே. இன்றைக்கே டிஏடிஎம்மில் (சம்பளத் தகராறுகளைச் சமரசம் செய்யும் அமைப்பு) மனு போடு. வேலையில் இருப்பவருக்கு 1 வருடம் அவகாசம், வேலை முடிந்துவிட்டால் 6 மாதம்தான். அங்கே சமரசம் ஆகாவிட்டால் வேலைக் கோரிக்கைத் தீர்ப்பாயம். அதில் வக்கீல் கிடையாது, நீயேதான் பேச வேண்டும். 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கேட்கலாம்.
டைம் கார்டை இரண்டு பக்கமும், ஃபோர்மேன் கையெழுத்து தெரிகிற மாதிரி போட்டோ எடு. "இன்றைக்கு ராத்திரி 10 வரை காங்கிரீட்" என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதுவும் ஆதாரம்தான். ஐபிஏ கடிதத்தில் (வேலை அனுமதிக்கு முன்பு வரும் ஒப்புதல் கடிதம்) பேஸிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று பார். பணம் கைக்கு வராமல் சம்பள வவுச்சரில் கையெழுத்துப் போடாதே.

கடலூரான்:
புகார் கொடுத்தால் அடுத்த பெர்மிட் கிடைக்காது. முதலாளியிடம் பேசி வாங்குவதுதான் புத்தி.

ஜூரோங்_மணி:
3 மாதமாகப் பேசித்தானே இந்த நிலைமை! சம்பளத்தை மாதம் முடிந்த 7 நாளுக்குள்ளும், ஓடியை 14 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பயமுறுத்தாதீர்கள்.

பழைய_உறுப்பினர்:
ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதையும் கேளுங்கள். 2 மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

கடலூரான்:
அது சிங்கப்பூர் ஏஜென்ட்டுக்கு. ஊரில் லட்சக்கணக்கில் வாங்குகிறவனை யார் கேட்பது?

பழைய_உறுப்பினர்:
ரசீது இல்லாமல் கொடுத்தால் யாரும் கேட்க முடியாது. இதையும் பலமுறை எழுதியிருக்கிறேன்.

ஜூரோங்_மணி:
ஏஜென்ட் கதையை வேறு இழையில் பேசுங்கள். தம்பி, வலுக்கட்டாயமாக விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனால், குடிநுழைவுக் கவுண்டரில் இருக்கும் அதிகாரியிடம் சம்பளப் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடு. சிராங்கூன் சாலையில் வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது, அங்கேயும் உதவுவார்கள். என்ன ஆயிற்று என்று எழுது.

மன்னை_தம்பி:
மனு போட்டுவிட்டேன் அண்ணா. ஞாயிறு போகவில்லை. சமரசப் பேச்சுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

கடலூரான்:
கம்பெனி என்ன சொல்கிறது? டோர்மில் (தொழிலாளர் விடுதியில்) இருக்க விடுகிறார்களா?