டியோடரைசரில் மாலை 4 மணிக்கு அழுத்தம் ஏறுவது ஏன்?

கேள்வி (ரிஃபைனரி ஷிப்ட்)

வணக்கம். சூரியகாந்தி எண்ணெய் ரிஃபைனரி ஒன்றில் கருவிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எண்ணெயின் வாடையை நீக்கும் கலனான டியோடரைசரில் எண்ணெய் 240 டிகிரியிலும், உள்ளழுத்தம் 3 மில்லிபாரிலும் ஓட வேண்டும்; அழுத்தம் 6-ஐத் தாண்டினால் பி.எல்.சி. (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) எண்ணெயைத் தொட்டிக்கு விடாமல் மறுசுழற்சிக்குத் திருப்பிவிடும். காலை 10 மணிக்கு 3 காட்டும் திரை, மெல்ல ஏறி மாலை 4 மணியளவில் 6-ஐத் தாண்டுகிறது. விடியற்காலையிலும் சற்றுக் குறைவாக ஒருமுறை ஏறி இறங்குகிறது. நீராவியைப் பாய்ச்சிக் கலனில் வெற்றிடம் உண்டாக்கும் எஜெக்டரின் நீராவி லூப்பில் பி.ஐ.டி. மதிப்புகளை (தானியங்கிக் கட்டுப்பாட்டின் அமைப்பு எண்களை) மாற்றியும் பயனில்லை. ஆய்வகத்தில் எஃப்.எஃப்.ஏ. (எண்ணெயில் எஞ்சும் தனிக் கொழுப்பு அமிலம்) மட்டும் எல்லா ஷிப்டிலும் 0.07 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது.

பதில் (கூலிங் டவர்)

எஜெக்டரின் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சருக்கு வரும் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். 28 டிகிரியில் சுமார் 38 மில்லிபாராக இருக்கும் நீரின் ஆவியழுத்தம் 34 டிகிரியில் 53 ஆகிவிடும். அந்த எதிரழுத்தத்தை எஜெக்டரால் தாங்க முடியாமல் போனால் பி.ஐ.டி.யைத் திருகி ஆவதொன்றுமில்லை.

பதில் (பழைய மானோமீட்டர்)

தண்ணீர்தான் காரணம் என்றால், அது மிகக் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் அழுத்தம் ஏறுவானேன்? அழுத்தம் ஏறினால் நீராவி அந்த அமிலத்தைக் குறைவாகவே வெளியேற்றும்; உள்ளழுத்தம் மெய்யாகவே இரட்டித்திருந்தால், அதே நீராவி அளவில் எஃப்.எஃப்.ஏ.யும் உயர்ந்திருக்க வேண்டும். எனவே எனக்கு அழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்பும் ட்ரான்ஸ்மிட்டர் மீதுதான் ஐயம். நம் வெப்பமண்டலப் பகுதியில் காற்றழுத்தம் நாள்தோறும் காலை, இரவு 10 மணியளவில் உச்சத்தையும், மாலை, விடியற்காலை 4 மணியளவில் தாழ்நிலையையும் தொடும். பகலில் இந்த வேறுபாடு 3, 4 மில்லிபார் வரை வரும். வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளக்கும் கேஜ் வகையை மாட்டி, நிலையான ஓர் எண்ணைக் கூட்டித் தனியழுத்தமாக (முழு வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்ட அழுத்தமாக) காட்டினால், வெளியே குறைவதெல்லாம் உள்ளே ஏறியதாகத் திரையில் தெரியும். வால்வை மூடி, சென்சாரைத் திறந்த காற்றுக்கு விட்டுப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் ஒரே எண் வந்தால் அது கேஜ் வகை.

ரிஃபைனரி ஷிப்ட்

அப்படியே ஆயிற்று, ஐயா. சென்ற மாதம் பழுதான ட்ரான்ஸ்மிட்டருக்குப் பதிலாக, ரேஞ்ச் பொருந்துகிறதே என்று ஸ்டோரில் இருந்ததை மாட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகையைத் துடைத்துப் பார்த்தால் கேஜ் என்றே பொறித்திருக்கிறது. இரவல் வாங்கிய தனியழுத்தமானி மாலை 4 மணிக்கும் 3 தான் காட்டியது. புதியது வரும்வரை, 6-ஐத் தாண்டினால் எண்ணெயைத் திருப்பிவிடும் அந்த இன்டர்லாக்கை பைபாஸ் செய்யலாமா (செயல்படாமல் விடலாமா)?

பழைய மானோமீட்டர்

வேண்டவே வேண்டாம். 240 டிகிரியில் காற்று புகுந்தால் எண்ணெய் ஆக்சிஜனேற்றமடைந்து நிறமும் மணமும் கெட்டுவிடும். மேலாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று வரம்பை 9-க்கு உயர்த்துங்கள். அந்த இரவல் மானியைத் திருப்பித் தராமல், மணிக்கொரு முறை அதன் அளவை லாக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.