தலவாக்கலை வாளும் அறுகோண நட்சத்திரமும்: ராசாவுடையதா, துரையுடையதா?

கொழுந்துமகன்:
இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் எங்கள் பழைய லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடு) கூரையைப் பிரித்தபோது ஒரு வாள் கிடைத்தது. தாத்தா துரை பங்களாவில் அப்புவாகச் சமைத்தவர். அதை "ராசா வாள்" என்றுதான் சொல்வாராம். அலகு லேசான வளைவு, 32 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பித்தளைக் கைக்காப்பில் ஒரு கிரீடமும் பின்னிய எழுத்துகளும். பிடியை ஒட்டி அலகில் அறுகோண நட்சத்திரம், நடுவில் சின்னப் பித்தளைப் பொட்டு. அப்பாயி அதை முருகனின் சட்கோணம் என்று சாமித்தட்டில் வைத்து விபூதி பூசிவிட்டார். இது யாருடைய வாள்?

கண்டிக்காரன்:
இதில் என்ன சந்தேகம்? கண்டியின் கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழி. 1815இல் பிடிபட்டார், அடுத்த வருடம் வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். அரண்மனைச் சாமான் மலையெல்லாம் சிதறியது. கிரீடமும் சட்கோணமும் ஒரே வாளில் இருக்கும்போது வேறு அத்தாட்சி எதற்கு?

பழம்பட்டறை:
அண்ணே, கண்டியின் வாள் கஸ்தானை. குட்டையானது, பிடியின் நுனியில் சிங்கமுகம். அதன் அலகு பல சமயம் ஒல்லாந்தர் கொண்டுவந்தது, அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. முத்திரையோடு வரும் (நம் வ.உ.சி. இல்லை!). தம்பியிடம் இருப்பது பிரித்தானியக் காலாட்படை அதிகாரியின் வாள். 1822இல் வந்த பிடி, 1845இல் மாறிய அலகு. நட்சத்திரம் லண்டன் வில்கின்சன் போன்ற வாள் பட்டறைகள் இடுவது. அந்தப் பொட்டு, அலகு சோதனையில் தேறியது என்பதற்கு வைப்பது. உற்றுப் பாருங்கள், அதில் எச்.டபிள்யூ. (ஹென்றி வில்கின்சன்) என்று இருந்தால் வில்கின்சன் வாள்தான். பின்னிய எழுத்து வி.ஆர்., விக்டோரியா ராணி. அவர் பட்டத்துக்கு வந்தது 1837. ராசா 1832இலேயே வேலூரில் இறந்துவிட்டார்.

கண்டிக்காரன்:
அப்படியானால் 1803இல் கண்டியில் சரணடைந்த பிரித்தானிய மேஜர் டேவியின் ஆட்களிடம் பறித்ததாக இருக்கலாமே?

பழம்பட்டறை:
1803இல் விக்டோரியா பிறக்கவே இல்லை அண்ணே.

ஹட்டன் வாத்தி:
ராசாவை விடுங்கள். தோட்டத் துரைமார் சேர்ந்த பிளான்டர்ஸ் ரைபிள் கோர் கண்டியில்தானே இருந்தது? 1900இல் தொடங்கினார்கள், போயர் யுத்தத்துக்குக்கூட ஆள் அனுப்பினார்கள். அதில் இருந்த ஒரு துரையின் வாள் இது.

பழம்பட்டறை:
துரை என்பது வரை சரி சேர், வருடம்தான் இடிக்கிறது. 1892இல் அலகு நேராகிவிட்டது, 1895இல் கைக்காப்பும் இரும்பாகிவிட்டது. இதுவோ வளைவு, பித்தளை. தம்பி, கைக்காப்பின் உள்பக்கம் கீல் வைத்து மடங்குகிறதா?

கொழுந்துமகன்:
இல்லை. ஒரே வார்ப்பு.

பழம்பட்டறை:
மடங்கும் காப்பு 1854இல் நின்றுபோனது, அப்போ இது அதற்குப் பிந்தியது. 1854க்கும் 1892க்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம்.

ஹட்டன் வாத்தி:
அந்தக் காலத்தில் இங்கே சிலோன் ரைபிள்ஸ் என்ற படை இருந்ததே. 1873இல்தான் கலைத்தார்கள்.

பழம்பட்டறை:
நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் ரைபிள் படை அதிகாரியின் கைக்காப்பு இரும்பு, அதில் வி.ஆர். இருக்காது, ஊதுகொம்புதான் இருக்கும். என் கணிப்பில் இது சாதாரணக் காலாட்படை அதிகாரி ஒருவருடையது. படையை விட்டுக் கோப்பித் தோட்டம் போட வந்தவர்கள் மலையில் கொஞ்சப் பேரா? 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியைத் தின்றது. கடனில் போன பங்களாக்களில் சுவரில் மாட்டியது மாட்டியபடியே நின்றிருக்கும்.

கண்டிக்காரன்:
சரி, எழுத்து விக்டோரியாதான். ஆனால் துரையின் வாள் அப்புவின் லயத்துக்கு எப்படி வந்தது? அதற்குப் பதில் சொல்லுங்கள். கொடுத்தாரா, எடுத்தாரா?

பழம்பட்டறை:
அது இரும்பில் எழுதியிருக்காது. தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்தத் துரையிடம் இருந்தார் என்று அப்பாயியிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள், நாளைக்கு என்று தள்ளவேண்டாம். "ராசா வாள்" என்றதும் பொய்யில்லை. கிரீடம் பார்த்தவர் வேறென்ன சொல்வார்? அப்புறம், பிடிக்குப் பக்கத்தில் அலகின் முதுகைப் பாருங்கள், எண் இருக்கலாம். வில்கின்சன் வாளானால் அவர்கள் பேரேட்டில் எண்ணுக்கு நேராக வாங்கியவர் பெயர் பெரும்பாலும் இருக்கும். தயவுசெய்து புளி, செங்கல் தூள் பக்கம் போகாதீர்கள், எழுத்து எல்லாம் போய்விடும்.

கொழுந்துமகன்:
ஐயோ அண்ணே, போன தீபாவளிக்கே அம்மா தேய்த்துவிட்டார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து இலக்கம், முதலாவது மட்டும் மழுங்கிப்போய் ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை. மற்ற நான்கும் சுத்தமாக இருக்கிறது. அப்பாயி விழித்ததும் துரை பெயரைக் கேட்கிறேன்.