புதுப்பிப்பு: தங்கை வழக்கில் அப்பீல் தீர்ப்பு வந்துவிட்டது

தங்கையை வேலைக்குப் போகும் வழியெல்லாம் பின்தொடர்ந்து, கடைசியில் வீட்டுக்கே வந்து நின்றவனுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனை கொடுத்ததையும், அவன் அப்பீல் போனதையும் முன்பு எழுதியிருந்தேன். செஷன்ஸ் கோர்ட் அப்பீலைத் தள்ளுபடி செய்துவிட்டது. இரண்டு பிரிவிலும் தண்டனை உறுதி.

சம்பவம் 2024 ஜூலைக்கு முன் நடந்ததால் பழைய இ.பி.கோ.தான்: பின்தொடர்ந்ததற்கு 354டி, வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததற்கு 448. இப்போது நடந்தால், இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 78, 329.

"வராந்தா வீடாகாது, கேட் திறந்துதான் கிடந்தது" என்பதையே எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார். ஆனால் அவன் கேட் கொக்கியைத் தூக்கியதையும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதையும் பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருக்கிறார். குறுக்கு விசாரணையில் அவர் கொஞ்சமும் அசையவில்லை. அவருக்கு நாங்கள் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

தண்டனை பெற்றவன் எப்படி வெளியே இருந்தான் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவருக்கு 3 ஆண்டுக்கு மேற்படாத சிறை என்றால், அப்பீல் போக, தண்டனை கொடுத்த கோர்ட்டே ஜாமீன் தரும். செஷன்ஸில் அப்பீலுக்கு 30 நாள் கெடு. அப்புறம், தண்டனை போதாது என்று பாதிக்கப்பட்டவர் அப்பீல் போக முடியாது, அரசுதான் போகலாம். இது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை.

இனி அவனுக்கு இரண்டாவது அப்பீல் கிடையாது. 90 நாளுக்குள் ஹைகோர்ட்டில் சீராய்வு மனு போடலாம். அங்கே சாட்சிகளை முதலிலிருந்து அலச மாட்டார்கள் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார். மனு வந்தால் எழுதுகிறேன்.