நாளைக்கு நீச்சல்குளம்: சன்ஸ்கிரீன் எவ்வளவு போடணும்?

திவ்யா: நாளைக்கு 10 மணிக்குப் பசங்களை நீச்சல்குளத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். பெரியவனுக்கு 6 வயசு, பாப்பாவுக்கு 5 மாசம். எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் ஒண்ணு இருக்கு. ரெண்டு பேருக்கும் போடலாமா?

செல்வி அத்தை: பாப்பாவுக்கு வேண்டாம்மா. 6 மாசம் ஆகற வரைக்கும் நிழலும் துணியும்தான். அந்த வயசுல தோல் மெல்லிசு. உடம்பு எடையோட பார்த்தா தோல் பரப்பும் அதிகம், பூசறது உள்ள இறங்கிடும். நிழல் வேணும்னு தள்ளுவண்டியைப் போர்வையால மூடிடாதே, உள்ள காத்தே இல்லாம சூடு ஏறிடும்.

கோகிலா அக்கா: பெரியவனுக்குப் போடலாம். டியூப்ல பிராட் ஸ்பெக்ட்ரம்னு இருக்கா பாரு, அதாவது வெயில்ல இருக்கற யூவிஏ, யூவிபின்னு ரெண்டு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கறது. எஸ்பிஎஃப் எண் முக்கியமா யூவிபி கதிரை எவ்வளவு தடுக்கும்னுதான் சொல்லும். யூவிஏவுக்குப் பிஏன்னு போட்டுப் பக்கத்துல பிளஸ் குறி இருக்கும்.

திவ்யா: பிராட் ஸ்பெக்ட்ரம் இருக்குக்கா. பிஏ மூணு பிளஸ். கதிரைத் தடுக்கற பொருள் ஜிங்க் ஆக்சைடுன்னு போட்டிருக்கு.

கோகிலா அக்கா: நல்லது, பசங்க தோலுக்கு அதுல எரிச்சல் குறைவு. வெள்ளையாப் படியுதேன்னு மட்டும் குறைச்சுடாதே. எஸ்பிஎஃப் 30 யூவிபியை 97% தடுக்கும், 50 போட்டா 98%. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனா அந்த எண்ணே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்து எடுத்தது. வீட்ல நாம பூசறது அதுல கால்வாசியோ பாதியோதான். அப்ப டியூப்ல போட்டிருக்கற பாதுகாப்பு கிடைக்காது.

திவ்யா: அவனுக்குக் கணக்கா எவ்வளவு வரும்?

கோகிலா அக்கா: 6 வயசுல மொத்தத் தோல் சுமார் 0.8 சதுர மீட்டர், அதாவது 8000 சதுர சென்டிமீட்டர். ரெண்டால பெருக்கினா 16000 மில்லிகிராம், அதாவது 16 கிராம். 50 கிராம் டியூப் மூணே தடவைல தீர்ந்துடும்! முழுக்கை நீச்சல் சட்டையும் முட்டி வரைக்கும் கால்சட்டையும் போட்டா மிச்சம் முகம், காது, கழுத்து, கை, முழங்கால் கீழதான். அதுக்கு ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல போதும். அதனால முதல்ல துணி, மிச்ச இடத்துக்குத்தான் கிரீம்.

பாலா மாமா: துணின்னா மெல்லிசு வெள்ளைக் காட்டன் டி-ஷர்ட் ஆகாதும்மா. நனைஞ்சதும் கதிர் இன்னும் ஈசியா உள்ள போகும். அடர் நிறமா, நெருக்கமா நெய்ததா எடு. துணிக்குன்னு இருக்கற எண் யூபிஎஃப், அது 50ன்னு போட்டிருந்தா கதிர்ல 50ல ஒரு பங்குதான் உள்ள விடும். அப்புறம், 10 மணி ஏன்? 8 மணிக்கே போயிட்டு வந்துடுங்க. பையனோட நிழல் அவனைவிடக் குட்டையாச்சுன்னா வெளிய ஏறிடணும். மேகமா இருக்குன்னு நம்பாதே, மெல்லிய மேகத்துல பெரும்பங்கு கதிர் இறங்கிடும்.

செல்வி அத்தை: தண்ணியில இறங்க 20 நிமிஷம் முன்னாடி பூசிடு, வீட்ல உடை மாத்தறப்பவே. புள்ளி புள்ளியா வெச்சுப் பரத்து, அழுத்தித் தேய்க்காதே. எப்பவும் விட்டுப் போற இடம் காது மடலோட மேல் விளிம்பு, பின்கழுத்து, பாதத்தோட மேல்புறம், சட்டை முடியற ஓரம். நெத்தியில புருவத்துக்கு ஒரு விரல் மேலேயே நிறுத்திக்கோ, வழிஞ்சு கண்ணுக்குள்ள போனா அடுத்த தடவை பூசவே விடமாட்டான். பூசி முடிச்சதும் அவன் உள்ளங்கையைத் துடைச்சு விடு, அதே கையால கண்ணைக் கசக்குவான்.

பாலா மாமா: வாட்டர் ரெசிஸ்டன்ட்டுன்னா தண்ணியில 40 நிமிஷம் தாங்குமா 80 நிமிஷம் தாங்குமான்னு டியூப்ல இருக்கும். அது தண்ணிக்கு மட்டும்தான் தாங்கும். துண்டால தேய்ச்சா அதோட வந்துடும், அதனால ஒத்தி எடுத்துட்டுத் திரும்பப் பூசு. தண்ணியில இறங்கலைன்னாலும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை.

திவ்யா: ஸ்பிரே வாங்கினா வேலை சுலபமா மாமா?

பாலா மாமா: வேண்டாம். பாதி காத்துல போயிடும், எவ்வளவு பட்டுச்சுன்னே தெரியாது. மூச்சுலயும் போகும்.

திவ்யா: சிவந்துடுச்சுன்னா என்ன பண்றது அத்தை?

செல்வி அத்தை: உடனே நிழலுக்குக் கொண்டு வா. குளிர்ந்த தண்ணியில நனைச்ச துணியை 10 நிமிஷம் போடு, ஐஸ் வேண்டாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போடு, தண்ணி நிறையக் குடிக்கக் கொடு. சிவப்பு முழுசாத் தெரிய 12லிருந்து 24 மணி நேரம் ஆகும், அதனால சாயங்காலம் நல்லா இருக்கான்னு விட்டுடாதே. கொப்புளம் வந்தா உடைக்காதே. காய்ச்சலோ வாந்தியோ வந்தா டாக்டர்கிட்ட போ. பாப்பாவுக்குச் சும்மா சிவந்தாலே போகணும்.

கோகிலா அக்கா: புது டியூபா? இப்பவே அவன் முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி வை. காலைல தடிப்பு இருந்தா அதைப் போடாதே. கார்லயும் விட்டுடாதே, சூட்டுல எண்ணெய் தனியாப் பிரியும். பிரிஞ்சுதுன்னா தூக்கிப் போட்டுடு.

திவ்யா: தடவிட்டேன்க்கா. 8 மணிக்கே போறோம். பாப்பா நிழல்ல அம்மாகிட்ட இருப்பா.