டிராக்டரில் ஸ்லாஷர் மாட்டும்போது உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காரைக்குடி பக்கத்திலிருந்து:

சிராவயல் மஞ்சுவிரட்டு பார்க்கப் பொங்கலுக்கு உறவுக்காரர்கள் வருவார்கள். அதற்குள் மாந்தோப்பைச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று மார்கழிக் கடைசியில், டிராக்டர் பின்னால் மாட்டிக் களை வெட்டுகிற ஸ்லாஷர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். நாயுருவியும் கோரையும் இடுப்பளவு நின்றன. முந்தின ராத்திரி தூறல், தரையெல்லாம் செம்மண் சேறு.

நான் ரிவர்ஸ் எடுத்தேன். மச்சான் பின்சக்கரத்துக்கும் ஸ்லாஷருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "வாங்க, வாங்க, இன்னும் ஒரு சாண்" என்று கை காட்டினார். எல்லா ஊரிலும் இப்படித்தான் மாட்டுகிறார்கள். சேறு அப்பிய செருப்போடு கிளட்சை மிதித்திருந்தேன், கால் வழுக்கிவிட்டது. வண்டி ஒரே உதறலில் ஓரடி பின்னால் போய்விட்டது. ஸ்லாஷரை மாட்டுவதற்கு டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லிங்க் கம்பி மச்சானின் முழங்காலுக்குக் கீழே இடித்து, அவரை ஸ்லாஷரோடு சேர்த்துத் தள்ளியது. சேற்றில் ஸ்லாஷரும் வழுக்கிப் பின்னால் நகர்ந்ததால்தான் கால் தப்பியது. காய்ந்த தரையாக இருந்திருந்தால் எலும்பு மிஞ்சியிருக்காது. அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. தங்கச்சி முகத்தில் எப்படி முழித்திருப்பேன்?

அப்புறம் முறையை மாற்றிவிட்டோம். வண்டி அசையும்போது நடுவில் யாரும் நிற்பதில்லை. கை காட்டுகிறவர் தள்ளி, அவர் முகம் எனக்குத் தெரிகிற இடத்தில் நிற்பார். லிங்க் நுனி, ஸ்லாஷரில் அதை மாட்டுகிற பின்னுக்குக் கிட்டத்தில் வந்தால் போதும், நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவேன். மிச்சம் இருக்கும் இரண்டு விரற்கடையைக் கடப்பாரையால் ஸ்லாஷரை நெம்பிச் சரிபண்ணலாம். முதலில் மாட்டுவது இடது லிங்க். வலதுபக்கம் உயரத்தைச் சுற்றிக் கூட்டிக் குறைக்கக் கைப்பிடி இருப்பதால் அது இரண்டாவது. நடுவில் மேலே இருக்கும் டாப் லிங்க் கடைசி. கழற்றும்போது இதுவே தலைகீழ்.

ஓட்டை நேராக வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. லிங்க் அரை அங்குலம் இறங்கினாலும் விரல் நுனி போய்விடும், கத்தரியில் வைத்த மாதிரி. ஸ்குரூ டிரைவரை விட்டுப் பாருங்கள். லிங்க் கழன்று வராமல் பூட்டுகிற லிஞ்ச் பின் தொலைந்துவிட்டால் ஆணியை வளைத்து மாட்டுகிறார்கள், அதுவும் வேண்டாம். மேடுபள்ளத்தில் ஆணி நிமிர்ந்து விழுந்தால் ஸ்லாஷர் ஒருபக்கமாகத் தொங்கிவிடும். கீழ் லிங்க் பின்னில் 22 மில்லிமீட்டர், 28 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு. சின்ன பின்னைப் பெரிய ஓட்டையில் மாட்டுவதென்றால் நடுவில் இடைவெளியை அடைக்கிற புஷ் வளையம் போடாமல் மாட்டாதீர்கள்.

புதுவயலிலிருந்து:

அண்ணே, மச்சானுக்குக் கால் தப்பியதே பெரிய புண்ணியம். எங்கள் அப்பாவுக்கு நடந்தது பிடிஓ ஷாஃப்ட்டில், அதாவது இன்ஜின் சுற்றலை ஸ்லாஷருக்குக் கொண்டுபோகிற தண்டில்.

ஷாஃப்ட்டை மாட்டிவிட்டு, சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க, இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலில் பிடிஓவைப் போட்டுவிட்டு அப்பா குனிந்தார். மேலே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை எப்போதோ உடைந்து போயிருந்தது. கழுத்தில் கிடந்த துண்டின் ஒரு முனை, ஷாஃப்ட் மடங்குகிற கிராஸ் ஜாயிண்ட்டில் பட்டதுதான் தெரியும், இழுத்துவிட்டது. பல வருடம் துவைத்து நைந்த துண்டு, அதனால் நடுவில் கிழிந்தது. அவர் கழுத்தில் கயிறு அறுத்த மாதிரி சிவப்புக் கோடு, ஒரு மாதம் ஆயிற்று மறைய. பிடிஓ முழு வேகத்தில் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. ஐடிலில் அதில் பாதிகூட இருக்காது, அதற்கே கை உதறிப் பிடுங்க நேரமில்லை. கைலியோ துண்டோ கட்டிக்கொண்டு ஷாஃப்ட் பக்கம் போகாதீர்கள். உறை இல்லாத ஷாஃப்ட்டை இப்போது நாங்கள் வாடகைக்கு வாங்குவதில்லை. உறை கூடவே சுற்றாமல் இருக்க அதன் சங்கிலியையும் மாட்ட வேண்டும், பலர் அதைத் தொங்கவிட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, நீளம். ஒரு தடவை வந்த ஷாஃப்ட் வேறு வண்டியின் அளவு. ஹைட்ராலிக்கைத் தூக்கியதும், ஷாஃப்ட்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாயில் உள்குழாய் முட்டி, 'டங்' என்று சத்தம். நல்லவேளை உடனே இறக்கினேன், இல்லையென்றால் பேரிங் போயிருக்கும். பட்டறைக்காரர் உள்குழாய், வெளிக்குழாய், உறை மூன்றிலும் ஒரே அளவு வெட்டிக் கொடுத்தார். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து, எந்த நிலையிலும் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும் என்றார். வண்டியின் பல் வெட்டிய முனையான ஸ்பிளைனில் ஷாஃப்ட்டை ஏற்றியதும் லாக் 'டக்' என்று விழும். விழுந்தாலும் நான் ஒருமுறை என் பக்கம் இழுத்துப் பார்த்துக்கொள்வேன்.

தேவகோட்டையிலிருந்து:

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில், இங்கே தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். டிரைவர் தம்பி கெட்டிக்காரப் பையன், ஆனால் எதற்கும் அவசரம். கத்தி போல்ட் லூசாக இருக்கிறது என்று ஸ்லாஷரை ஹைட்ராலிக்கில் தூக்கி வைத்துவிட்டுப் படுத்து உள்ளே போய்விட்டான். பம்ப் செட்டிலிருந்து வந்த நான் பார்த்ததும் அலறிவிட்டேன். அவன் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில், யாரும் லீவரைத் தொடாமலேயே அது ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. இன்ஜின் அணைந்தால் எண்ணெய் கசிந்து மெதுவாக இறங்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். இப்போது கீழே கட்டை வைக்காமல் யாரும் குனிவதில்லை. ஸ்லாஷர் வேலை செய்கிற அன்றைக்கு, வண்டி நின்றதும் சாவி என் முந்தானையில்.

காரைக்குடி பக்கத்திலிருந்து:

அக்கா, என்ன கட்டை வைக்கிறீர்கள்? செங்கல் அடுக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து:

செங்கல் வேண்டாம் தம்பி, பாரம் ஏறினால் பிளந்துவிடும். மரவாடியில் புளியங்கட்டை இரண்டு, ஓரடி உயரத்துக்கு அறுத்து வாங்கினேன். பக்கத்துக்கு ஒன்றாக, ஸ்லாஷரின் விளிம்புச் சட்டத்துக்குக் கீழே வைக்கிறோம்.