பொருள்: டெவொலூஷன் – பகிர்வா, கையளிப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்குக் குடிபெயரும் நம்மவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்துக்கு லண்டனில் காசு, கிளாஸ்கோ மருந்துக்கடையில் இலவசம். ஏன் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. சுகாதாரம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் கையில். பாதுகாப்பும் வெளியுறவும் லண்டனிலுள்ள பிரிட்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரிடம். ஆங்கிலத்தில் டெவொலூஷன் (devolution) எனப்படும் இந்த ஏற்பாட்டை 'அதிகாரப் பரவலாக்கல்' எனலாமா?

---

தமிழ்நாட்டில் பரவலாக்கல் என்றால் ஊராட்சிதான் நினைவுக்கு வரும். இலங்கையில் மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தை ஒட்டி 'அதிகாரப் பகிர்வு' வேரூன்றிவிட்டது. அதையே போடுங்கள்.

---

> அதையே போடுங்கள்.

ஐயா, பாகம் பிரித்தபின் அண்ணன் தம்பியிடம் நிலத்தைத் திரும்பக் கேட்க முடியாது, அதுதான் பகிர்வு. இங்கே அப்படியா? ஸ்காட்லாந்துக்குச் சட்டமியற்றும் தன் அதிகாரம் குறையவில்லை என்று, அந்த நாடாளுமன்றத்தை அமைத்த 1998 ஸ்காட்லாந்து சட்டத்தின் 28ஆம் பிரிவிலேயே வெஸ்ட்மின்ஸ்டர் எழுதிவைத்தது. 35ஆம் பிரிவைக் கொண்டு 2023 ஜனவரியில் பிரிட்டன் அரசு, ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாலின அங்கீகார மசோதாவைத் தடுத்தது. வட அயர்லாந்துப் பேரவையை 2002இல் முடக்கி, 2007 வரை லண்டனே ஆண்டது. தொல்காப்பியம் சொல்லும் ஈ, தா, கொடு மூன்றில் இழிந்தோன் கூற்று, அதாவது தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்கும் சொல், எது? 'ஈ' அல்லவா? கேட்ட ஸ்காட்லாந்து அந்தப் படியில்தான் நின்றது. 'அதிகார ஈவு' என்பதே என் சொல்.

---

ஈவு என்றதும் பிள்ளைகள் வகுத்தல் கணக்கைத்தான் நினைப்பார்கள். 1997 செப்டம்பர் 11 வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 74 விழுக்காட்டினர் வேண்டும் என்று சொல்லிப் பெற்ற நாடாளுமன்றம் அது. மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் அதை ஒழிக்கக்கூடாது என்று 2016 ஸ்காட்லாந்து சட்டம் சொல்கிறது. இதை ஈகை என்பது அந்த மக்களுக்கு இழுக்கு. 'கையளிப்பு' போதும்.

---

கையளித்தால் சாவியும் சேர்ந்து போய்விடும், அம்மா. 35ஆம் பிரிவு அந்தச் சாவிதானே?

---

எல்லோருக்கும் நன்றி. 'அதிகாரப் பகிர்வு' என்றே அனுப்பிவிட்டேன். இறுதி அதிகாரம் வெஸ்ட்மின்ஸ்டரிடமே இருக்கிறது என்று முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

---

அச்சானாலும் சொல்கிறேன், பகிர்வு பிழை. வேல்ஸ்காரர்கள் டெவொலூஷனைத் தங்கள் மொழியில் 'தத்கனோலி' என்கிறார்கள். அதற்குள் இருக்கும் 'கனோல்' நடு, மையம். மையத்தில் குவிந்ததைக் கலைப்பது என்று பொருள். நீங்கள் முதல் மடலில் எழுதிய பரவலாக்கலுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்?